சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தைக் கருப்பு வெள்ளை நுவாராக மறு எடிட் செய்வது: முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் எனக்குப் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அறைக்கு வரும் கல்லூரிப் பையன்களுக்கு ஒரே பயிற்சிதான் கொடுப்பேன்: சமீபத்தில் வந்த ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தை எடுத்து, 1940-களில் வந்த இருண்ட குற்றப் படம், அதாவது நுவார் மாதிரி வெட்டிக் கொண்டு வா. முதல் நாள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு "அண்ணே, முடிஞ்சிருச்சு" என்று வந்து நிற்பார்கள். பார்த்தால் நிறம் போயிருக்கும், படம் அப்படியே இருக்கும், ஏதோ கேபிள் கனெக்‌ஷன் கெட்டுப்போன டிவி போல.

நுவாரில் முக்கால்வாசி வெட்டில்தான் இருக்கிறது. யாருக்கு என்ன தெரியும், அது எப்போது தெரிய வருகிறது என்பதில். அதனால்தான் இங்கே வரும் பதினொரு படிகளில் நிறத்துக்கு ஏழாவது இடம். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வரும், நானே செய்து நொந்திருக்கிறேன்.

1. படத்தைத் தேர்ந்தெடுப்பது

யாரோ ஒருவர் எதையோ தேடிப் போகிற கதையாக இருக்க வேண்டும். காணாமல் போன ஆள், மறைத்துவைத்த ஆராய்ச்சி, மனிதனா இயந்திரமா என்ற சந்தேகம், எதுவானாலும் சரி. இரவும் மழையும் மூடிய அறைகளும் நிறைய இருந்தால் பாதி வேலை குறையும். விண்கலப் போர் நாற்பது நிமிடம் ஓடுகிற படத்தை எடுக்காதீர்கள், அதை வெட்டினால் மிச்சம் எதுவும் இருக்காது.

இன்னொரு கணக்கு உண்டு, இதை யாரும் போடுவதில்லை. படத்தில் உள்ள காட்சிகளை எண்ணி, அவற்றில் நாயகன் எத்தனையில் இருக்கிறான் என்று பாருங்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே என்றால் வேறு படம் பாருங்கள். காரணம் நாலாவது படியில் வரும். ஐந்தாறு வீரர்கள் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் படங்கள் இந்த இடத்திலேயே கழன்றுவிடும்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் படத்தை மாற்றி வெட்டி வெளியிடும் உரிமை நமக்குக் கிடையாது. நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே இதை உங்கள் பயிற்சியாக, உங்கள் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே காட்ட ஆசை என்றால் நண்பர்கள் எடுத்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் குறும்படத்தை அனுமதி கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு: வசனம் தனி, இசை தனி என்று ஆடியோ டிராக்குகளையும் கேட்டு வாங்கிவிடலாம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், அதில் இலவசப் பதிப்பு ஹெச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவக் கோப்புகளைத் திறக்காது, முன்கூட்டியே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கோப்பு 1080 அளவிலாவது இருக்கட்டும், ஆடியோ 5.1 ஆக, அதாவது ஆறு தனித்தனி சேனலாக இருக்கட்டும். இரண்டாவதுதான் முக்கியம். ஸ்டீரியோவாகச் சுருக்கிய கோப்பை வைத்து எட்டாவது படியைச் செய்யவே முடியாது. தமிழ் டப்பிங் டிராக் உள்ள பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள், நாம் பின்னால் சேர்க்கப்போகும் குரல் தமிழில் இருக்கும்போது வசனமும் தமிழில் இருந்தால்தான் ஒட்டும்.

புது புராஜெக்ட் திறந்ததும், கோப்பை உள்ளே இழுப்பதற்கு முன்னால், நொடிக்கு எத்தனை பிரேம் என்ற பிரேம் ரேட்டைப் படத்தின் அளவுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான படங்கள் 23.976. நாங்கள் கல்யாண வீடியோவுக்கு 25 வைத்துப் பழகியவர்கள், அப்படியே விட்டுவிடுவோம். விட்டால் நொடிக்கு ஒரு பிரேம் இரண்டு தடவை வரும், கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட் எல்லாம் லேசாக விக்கும். கோப்பை உள்ளே போட்ட பிறகு ரிசால்வ் அந்த டைம்லைனில் இதை மாற்ற விடாது. வேலை பாதி முடிந்த பிறகு கண்டுபிடித்தால் அழுகைதான் வரும்.

அப்புறம் நல்ல ஹெட்போன், தனி ஹார்ட் டிஸ்க், ஒரு யூபிஎஸ். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும் என்பது நமக்குத் தெரியும், ஆனால் அது நம் எக்ஸ்போர்ட்டுக்குத் தெரியாது. கடைசியாக ஐம்பது அறுபது அட்டைகள். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் இதற்கு அருமையாக உதவும்.

3. எதையும் வெட்டாமல் இரண்டு தடவை பாருங்கள்

முதல் தடவை ஒலியை அணைத்துவிடுங்கள். டைம்லைன் முழுவதற்கும் மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் கிளிப் போட்டு நிறத்தை எடுத்துவிடுங்கள். இது தற்காலிகம்தான், ஏழாவது படியில் தூக்கி எறியப்போகிறோம். படம் நிறமில்லாமல் எங்கெங்கே புரியாமல் போகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் இது.

எதிர்பார்த்ததைவிட நிறைய இடம் சிக்கும். இயந்திர மனிதன் என்பதை நீலக் கண்ணை வைத்துக் காட்டியிருப்பார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆபத்து, பச்சை எரிந்தால் கதவு திறக்கும் என்று வைத்திருப்பார்கள். கருப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் வெறும் சாம்பல்தான், எது எந்த விளக்கு என்று தெரியாது. இப்படிப்பட்ட இடங்களை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று அந்தக் காட்சியைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் பின்னணிக் குரலில் ஒரு வரி சொல்லிக் கடக்க வேண்டும்.

இரண்டாவது தடவை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். 5.1 ஆடியோவில் நடு சேனலை மட்டும் ஓடவிடுங்கள். வசனத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும், இசை பெரும்பாலும் இடது வலதில் இருக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: சுத்தமான வசனம், இசை கலந்தது, வெடிச்சத்தம் கலந்தது. பார்க்க எவ்வளவு அழகான காட்சியானாலும் வசனத்தோடு இசை கலந்து கிடந்தால் அதைச் சுருக்கத்தான் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கதையை வெட்டியவர்கள் எல்லோரும் திரும்ப முதலிலிருந்து வந்திருக்கிறார்கள்.

4. கதையை வெட்டுவது

இருப்பதிலேயே நேரம் பிடிக்கும் வேலை இதுதான். மொத்தம் மூன்று வாரம் என்றால் இரண்டு வாரம் இதற்கே போகட்டும்.

ஒரு காட்சிக்கு ஒரு அட்டை. அட்டையில் மூன்று வரி: யார் இருக்கிறார்கள், பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது, நாயகனுக்கு அது தெரிகிறதா. அட்டைகளைத் தரையில் பரப்பி வையுங்கள். இனி ஒரே விதி. நாயகனுக்குத் தெரியாதது பார்ப்பவருக்கும் தெரியக்கூடாது. வில்லன் தனியாக உட்கார்ந்து திட்டம் போடும் காட்சி, மேலதிகாரிகள் கண்ணாடி அறையில் கிசுகிசுக்கும் காட்சி, எல்லாம் வெளியே. முதல் படியில் எண்ணச் சொன்னது இதற்காகத்தான், நாயகன் இல்லாத காட்சிகளை எடுத்த பிறகும் ஒரு படம் மிஞ்ச வேண்டும்.

இப்போதைய படங்கள் பார்ப்பவரை முன்கூட்டியே எல்லாம் தெரிந்தவராக வைத்திருக்கும், "ஐயோ, கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறானே" என்று பதறவைக்கும். நுவாரில் பார்ப்பவரும் நாயகனோடு சேர்ந்தே ஏமாற வேண்டும். வில்லனின் காட்சிகளை எடுத்ததுமே, அதுவரை சாதாரணமாக இருந்த நண்பன் பாத்திரம் சந்தேகத்துக்குரியதாக மாறுவதைப் பார்ப்பீர்கள். ஒரு ஷாட்டைக்கூடப் புதிதாக எடுக்காமல் நடக்கும் மாற்றம் அது.

அடுத்து, விளக்கம் சொல்லும் காட்சிகள். இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, எந்த ஆண்டில் போர் நடந்தது என்று வெள்ளைக் கோட்டு போட்டவர் பத்து நிமிடம் பேசுவார். தூக்குங்கள். "அந்தக் கம்பெனி ஆட்களைச் செய்கிறது" என்று குரலில் ஒரு வரி போதும். நகரத்தை வானத்திலிருந்து காட்டும் பெரிய கிராஃபிக்ஸ் ஷாட்டுகளையும் எண்ணி வையுங்கள். நான் மூன்றுக்கு மேல் விடுவதில்லை. பறக்கும் வண்டி வந்து நிற்பதைக் காட்ட வேண்டாம், கதவு மூடும் சத்தமும் ஈரத் தரையில் காலடியும் போதும். லேசர் துப்பாக்கி இருந்தால் ஒளிக்கோடு பாய்வதற்கு இரண்டு பிரேம் முன்னாலேயே வெட்டி, விழுகிறவனுக்குப் போய்விடுங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு யோசனை. 1954-ல் ஏவிஎம் எடுத்த அந்த நாள் படத்தைப் பாருங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தவர்கள் சென்னைக்குப் போன பிறகு செய்தது. அதில் ஆள் சுடப்பட்டுச் செத்துக் கிடப்பதில்தான் கதையே தொடங்கும், பிறகு ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லப் பின்னோக்கிப் போகும். பாட்டே கிடையாது. உங்கள் படத்திலும் நடுவில் வரும் ஒரு சாவையோ முடிவுக்கு முந்தைய தோல்வியையோ முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கிருந்து "மூன்று நாளைக்கு முன்னால்" என்று போகலாம். ஆனால் ஒரே ஒரு முறை. போன வருடம் ஒரு பையன் ஐந்து இடத்தில் பின்னோக்கிப் போனான், கடைசியில் அவனுக்கே எது முந்தியது என்று தெரியவில்லை.

முடிவிலும் கை வையுங்கள். பெரிய சண்டை, வெற்றி, சூரிய உதயம் என்று முடிந்தால் சூரிய உதயத்தை வெட்டுங்கள். உண்மை தெரிந்து, அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை என்று நாயகனுக்கு உறைக்கும் முகம் எங்கேயாவது இருக்கும், அதுதான் உங்கள் கடைசி ஷாட்.

பின்னணிக் குரலுக்கு இப்போதே ஃபோனில் பேசி ஒரு தற்காலிக டிராக் போட்டுக்கொள்ளுங்கள். குரல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரியாமல் ஷாட்டின் நீளத்தை முடிவு செய்ய முடியாது. தினமும் வேலை முடிந்ததும் டைம்லைனை நகல் எடுத்து அன்றைய தேதியைப் பெயராகப் போடுங்கள், நேற்று தூக்கி எறிந்த காட்சியை நாளை மறுநாள் தேடுவீர்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு முதல் இருபது நிமிடத்தைக் கொத்திவிடுவது. வேகமாகக் கதைக்குள் போக வேண்டும் என்ற ஆசை. பெயர்கள் எல்லாம் அங்கேதான் சொல்லப்பட்டிருக்கும், பிறகு யாரை யார் தேடுகிறார் என்றே விளங்காது.

5. ஷாட்டுகளுக்கு மூச்சு விடுவது

இன்றைய படத்தில் ஒரு ஷாட் மூன்று நான்கு நொடி நிற்பதே அதிகம். பழைய படங்களில் சராசரியாக எட்டு பத்து நொடி நிற்கும். இல்லாத காட்சியை நாம் உண்டாக்க முடியாது, ஆனால் வெட்டுகளைக் குறைக்கலாம். இரண்டு பேர் பேசும்போது முகத்துக்கு முகம் தாவாமல், கேட்பவரின் முகத்திலேயே நில்லுங்கள், பேசுபவரின் குரல் வெளியிலிருந்து வரட்டும். பொய் சொல்லும் வசனங்களுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

ஷாட்டை நீட்ட ஸ்லோ மோஷன் போடாதீர்கள். கண் இமைப்பதிலேயே தெரிந்துவிடும்.

காட்சி மாறும் இடத்தில் நேர் கட்டுக்குப் பதில், ஒரு ஷாட் கரைந்து அடுத்தது எழும் டிசால்வ் போடலாம், 24 முதல் 48 பிரேம் வரை. நேரம் கடந்துபோனால் மட்டும் டிசால்வ், நாள் முடிந்தால் கருப்புக்கு ஃபேட் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இஷ்டத்துக்குப் போட்டால் நம் கல்யாண ஆல்பம் போல ஆகிவிடும்.

6. பிரேமைச் சுருக்குவது

அந்தக் காலப் படங்களின் அகல உயர விகிதம் 1.37. இன்றைய அகலத் திரைப் படம் 2.39. உயரத்தை முழுதாக வைத்துப் பக்கங்களை வெட்டினால் 100-க்கு 43 பங்கு படம் போய்விடும். 16:9-ல் எடுத்தது என்றால் 23 பங்குதான் போகும். 1920-க்கு 1080 திரையில் உங்கள் படம் 1480 அகலத்தில் நிற்கும், இரண்டு பக்கமும் 220 பிக்சல் கருப்பு.

இதை ஏன் கதைக்குப் பின்னால் செய்கிறோம்? ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக இடம் வலம் நகர்த்தி வைக்க வேண்டும். தூக்கி எறியப்போகும் ஷாட்டுக்கும் சேர்த்து அந்த வேலையைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? நிறத்துக்கு முன்னால் செய்வதற்கும் காரணம் உண்டு. ஓரத்தில் இருக்கும் விளக்கோ ஜன்னலோ வெட்டுப்பட்டால் வெளிச்சத்தின் கணக்கே மாறிவிடும்.

தகராறு கொடுப்பது இரண்டு பேர் இரு கோடியில் நிற்கும் ஷாட்தான். மூன்று வழி இருக்கிறது. ஒரே ஷாட்டை இரண்டாக்கி, ஒருமுறை இவர், ஒருமுறை அவர். அல்லது ஒருவரை வெளியே விட்டு அவர் குரலை மட்டும் வைப்பது, எனக்குப் பிடித்தது இதுதான். அல்லது பிரேமை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நகர்த்துவது. நகர்த்தினால் பேச்சு நின்ற இடைவெளியில் நகர்த்துங்கள், ஒரு நொடிக்குக் குறையாமல், தொடக்கமும் முடிவும் மெதுவாக. வசனத்தின் நடுவே பிரேம் ஓடினால் பார்ப்பவருக்கு என்னமோ தப்பு என்று பட்டுவிடும்.

கையில் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்த ஷாட்டுகளை இந்த இடத்திலேயே ஸ்டெபிலைஸ் செய்துவிடுங்கள். பக்கவாட்டில் நிறைய இடம் மிச்சம் இருப்பதால் அந்தத் திசை ஆட்டத்தைச் சுலபமாக எடுத்துவிடலாம். மேலும் கீழும் ஆடுவதை எடுக்க இன்னும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டி வரும், படம் சற்று மங்கும், பரவாயில்லை.

7. கருப்பு வெள்ளை

தற்காலிக அட்ஜஸ்ட்மென்ட் கிளிப்பை இப்போது நீக்குங்கள்.

படத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்யச் சொல்வேன். வீட்டில் ஒரு கண்டாங்கிச் சேலை இருக்கும், அரக்குச் சிவப்பும் மஞ்சளும் கருப்புக் கட்டமும் உள்ளது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அதை விரித்து ஃபோனில் ஒரு படம் எடுத்து, ரிசால்வில் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவை மாற்றும் ஆர்ஜிபி மிக்சரில் மோனோகுரோமைத் தட்டுங்கள். சிவப்பு சேனல் மட்டும் 100 சதவீதம் வைத்தால் அரக்கும் மஞ்சளும் இரண்டும் வெளுத்து ஒன்றோடொன்று நெருங்கிவிடும். பச்சை மட்டும் வைத்தால் மஞ்சள் வெளிச்சமாகவும் அரக்கு கருப்பாகவும் பிரிந்து நிற்கும். நீலம் மட்டும் வைத்தால் இரண்டுமே இருண்டுவிடும். ஒரே சேலை, மூன்று சேலை. கருப்பு வெள்ளை என்பது எந்த நிறத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று நாம் எடுக்கும் முடிவுதான் என்று பையன்களுக்குப் புரிவது இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

சாதாரணமாக நிறத்தை எடுக்கும்போது நம் ஹெச்டி வீடியோவின் வெளிச்சக் கணக்கு ஏறக்குறைய சிவப்பு 21, பச்சை 72, நீலம் 7. இப்போதைய படங்கள் முகத்தை ஆரஞ்சாகவும் பின்னணியை நீலப்பச்சையாகவும் நிறமேற்றியிருப்பதால், இந்தக் கணக்கில் முகமும் சுவரும் ஒரே சாம்பலில் கரைந்துவிடும். ஆகவே சிவப்பைக் கூட்டுங்கள். நான் 60, 45, கழித்தல் 5 என்று தொடங்குவேன். மூன்றும் சேர்ந்து 100 வர வேண்டும், இல்லையென்றால் மொத்த வெளிச்சமும் மாறும். முகம் எழும், நீலப்பச்சை நிழல் இன்னும் ஆழமாகும். சிவப்பில் 80-ஐத் தாண்டாதீர்கள், உதடும் சருமமும் ஒன்றாகி முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும்.

நீலத்தை நிறையக் கூட்டுவதும் ஆபத்து. கோப்பில் வெளிச்சம் முழு அளவில் பதிவாகும், நிறமோ நான்கில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். சேனல்களை மிதமிஞ்சி இழுத்தால் முகத்தின் ஓரத்தில் படிக்கட்டு தெரியும், இருட்டில் கட்டம் கட்டமாகக் கொதிக்கும்.

நோட் வரிசையில், அதாவது திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் வரிசையில், எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பிடித்து இருட்டாக்க வேண்டும் என்றால், உதாரணமாக நீல ஹோலோகிராமை அடக்க வேண்டும் என்றால், அந்த நோட் மோனோகுரோமுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் பிடிப்பதற்கு அங்கே நிறமே இருக்காது. என் வரிசை: முதலில் ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சத்தைச் சமன் செய்வது, அடுத்து நிறத்தைப் பிடித்துத் திருத்துவது, அடுத்து மோனோகுரோம், அதற்குப் பின் கான்ட்ராஸ்ட், கடைசியில் வெளிச்சப் பகுதிகளுக்கு மிக லேசான ஒளிவட்டம்.

கான்ட்ராஸ்ட்டை, வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்து வையுங்கள், கண்ணை நம்பாதீர்கள், பகலில் ஒரு மாதிரி இரவில் ஒரு மாதிரி தெரியும். முகத்தின் வெளிச்சமான பக்கம் 50, 60 சதவீதத்தில், நிழல் பக்கம் 5, 10-ல். எல்லா நிழலையும் பூஜ்யத்தில் அமுக்கினால் அது நுவார் ஆகாது, மசி கொட்டிய படம்தான். இருட்டுக்குள் ஒரு கதவுச் சட்டமோ தொப்பி விளிம்போ தெரிந்தால்தான் அது இருட்டு.

எங்கும் வெளிச்சம் பரவிய காட்சியாக இருந்தால் முகத்தைச் சுற்றி ஒரு பவர் விண்டோ (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரிக்கும் வளையம்) போட்டு, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, வெளியே இருட்டாக்கி, முகத்தோடு நகரும்படி டிராக் செய்துவிடுங்கள். ஜன்னல் பட்டை நிழலை மேலே ஒட்ட மட்டும் ஆசைப்படாதீர்கள். கேமரா நகரும், நிழல் நகராது.

8. ஒலி

நடு சேனலை மோனோவாக எடுத்து வையுங்கள், மற்ற ஐந்தையும் அணையுங்கள், அழிக்க வேண்டாம். கேட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வெறுமையாக இருக்கும், ஏனென்றால் அறையின் சத்தம், தெருவின் சத்தம் எல்லாம் மற்ற சேனல்களில் இருந்தன. அந்த இடத்தை நாம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் தொடர்ச்சியாக ஒரு சூழல் ஒலி ஓடட்டும், வசனம் வெட்டுப்படும் இடமெல்லாம் அதில் மறைந்துவிடும்.

மழைச் சத்தத்தை இணையத்தில் தேட வேண்டாம். ஐப்பசியில் வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து அண்டாவுக்குள் விழும் தண்ணீரை ஃபோனில் பத்து நிமிடம் பதிந்து வைத்திருக்கிறேன், அது நான்கு படத்துக்கு ஓடியிருக்கிறது. எலெக்ட்ரானிக் பீப் சத்தங்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பழைய சத்தம் வைக்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சுழற்றும் டெலிபோனும் டைப்ரைட்டரும் கிடக்கும், கூட்டமில்லாத மதிய வேளையில் கேட்டால் தட்டிப் பதிந்துகொள்ள விடுகிறார்கள். திரையில் தொடுதிரையைத் தட்டுகிறான், கேட்பது டைப்ரைட்டர் சத்தம். பொருந்தாது என்று நினைப்பீர்கள். கேட்டுப் பாருங்கள்.

பிறகு மொத்த டிராக்குக்கும் ஈக்யூ, அதாவது தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலிகளின் அளவை மாற்றுவது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 2000-லிருந்து மெல்லச் சரித்து 8000-க்கு மேல் ஒன்றுமே இல்லாமல் செய்யுங்கள். அக்காலத் தியேட்டர்களில் ஃபிலிமின் ஒலிப்பட்டை இரைச்சலை அடக்க இப்படித்தான் மேல் ஒலிகளைக் குறைத்து ஒலிக்கவிட்டார்கள். இதை ஒவ்வொரு கிளிப்பாகச் செய்யாமல் கடைசி மிக்ஸில் ஒரே தடவை செய்ய வேண்டும், அப்போதுதான் வசனமும் மழையும் டைப்ரைட்டரும் ஒரே வயதாகக் கேட்கும்.

இசையைக் கொஞ்சமாகப் போடுங்கள். தலைப்பில், ஒரு திருப்பத்தில், முடிவில். போதும்.

9. பின்னணிக் குரல்

தற்காலிகக் குரலை இப்போது ஒழுங்காகப் பதிய வேண்டும். எங்கள் ஊர் வீடுகளில் இதற்கு ஒரு சங்கடம் உண்டு. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய வழவழப்பான சுவர், கல் தரை, உயரமான கூரை, பட்டாலை என்ற கூடத்தில் நின்று பேசினால் கோயில் மண்டபத்தில் பேசுவது போல எதிரொலிக்கும். அந்த எதிரொலியைப் பின்னால் எடுக்க முடியாது. வளவைச் சுற்றியுள்ள சின்ன அறை ஒன்றில், மெத்தை தலையணை அடுக்கியிருக்கும் மூலையைப் பார்த்து உட்கார்ந்து, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுங்கள்.

எழுதும்போது திரையில் தெரிவதைச் சொல்லாதீர்கள். அவன் கதவைத் திறக்கிறான் என்றால் "கதவைத் திறந்தேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. "போன தடவை இந்தக் கதவுக்குப் பூட்டு இருந்தது" என்று சொல்லுங்கள். ஒரு காட்சிக்கு இரண்டு வரி. உவமைகளைப் பார்த்து வையுங்கள், பையன்கள் எழுதும் குரலில் வரிக்கு ஒரு சிகரெட்டும் நிலவும் வந்துவிடுகின்றன.

10. மூல படத்தைப் பார்க்காதவரிடம் காட்டுங்கள்

நமக்குக் கதை மனப்பாடம். வெட்டியது போக மிச்சத்தையும் மனது தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் அசல் படத்தைப் பார்த்தவர்கள் சொல்லும் பாராட்டுக்கு மதிப்பில்லை. நான் பக்கத்து வீட்டு ஆச்சியை உட்காரவைப்பேன். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, கருப்பு வெள்ளையில் பார்த்தே வளர்ந்தவர், தயவு தாட்சண்யம் கிடையாது. ஒருமுறை நாற்பதாவது நிமிடத்தில் "ஏப்பா, இவன் எதுக்குப்பா ஓடுறான்? யாரும் துரத்தலையே" என்றார். துரத்துகிறவனைக் காட்டும் ஒரே ஷாட்டை நான்தான் வெட்டியிருந்தேன், நான்கு நாள் கழித்தும் எனக்கு உறைக்கவில்லை.

பார்க்கும்போது எதையும் விளக்காதீர்கள். அவர் கேள்வி கேட்ட நேரத்தையும் வேறு பக்கம் திரும்பிய நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்த இடத்தில் தகவல் குறைவு, திரும்பிய இடத்தில் நீளம் அதிகம். திருத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

11. கிரெய்ன், தலைப்பு, எக்ஸ்போர்ட்

கிரெய்ன், அதாவது பழைய ஃபிலிமில் தெரியும் புள்ளிகள், கடைசியில்தான் வர வேண்டும். பிரேமைப் பெரிதாக்குவதற்கு முன்னால் போட்டால் புள்ளியும் சேர்ந்து பெரிதாகி மணல் போலத் தெரியும், கான்ட்ராஸ்ட்டுக்கு முன்னால் போட்டால் முரடாகும். ரிசால்வின் ஃபிலிம் கிரெய்ன் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. இலவசத்தில் ஒரு கிரெய்ன் வீடியோவை மேல் டிராக்கில் வைத்து ஓவர்லே முறையில் 15, 20 சதவீதம் கலந்தால் சரியாக வரும். அழகுக்கு மட்டும் இதைப் போடவில்லை. நிறம் போன பிறகு 8 பிட் வீடியோவில் மிஞ்சுவது இருநூற்றுச் சொச்சம் சாம்பல் படிகள்தான், இருட்டுச் சுவரில் அவை வளையம் வளையமாகத் தெரியும், கிரெய்ன் அதை உடைத்துவிடும்.

கீறல், தூசி, நடுங்கும் பிரேம் போன்றவற்றைப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களுக்குத் திரையில் கோடு விழவில்லை.

பெயர்கள் எல்லாம் முன்னாலேயே வரட்டும், அட்டை அட்டையாக, டிசால்வில். கடைசியில் "முற்றும்" மட்டும். "சுபம்" போட்டுவிடாதீர்கள், நாயகன் மழையில் நிற்கிறான்.

எக்ஸ்போர்ட்டில் பிட்ரேட்டைத் தாராளமாக வையுங்கள், 1080-க்கு நொடிக்கு 25, 30 மெகாபிட். குறைத்தால் கோப்பைச் சுருக்கும் முறை முதலில் தின்பது கிரெய்னைத்தான், பிறகு அந்த இடம் மெழுகு பூசியது போலக் கிடக்கும். அதே காரணத்துக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பி "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள், பென் டிரைவில் கொடுங்கள்.

டிவியில் போடும்போது இரண்டு அமைப்பை மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள், அது இருந்தால் உங்கள் படம் சீரியல் மாதிரி ஓடும். பிக்சர் மோடை விவிட்டிலிருந்து சினிமாவுக்கு மாற்றி, நிற வெப்பநிலையை வார்மில் வையுங்கள். கடையிலிருந்து வந்தபடியே விட்டால் பெரும்பாலான டிவிகளில் வெள்ளை நீலமாகத்தான் தெரியும், நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்து எடுத்த நிறம் ஓரமாகத் திரும்பி வந்து நிற்கும்.